அம்பாசிடர் காலக் கார்களும் வீட்டுப் பழுதுநீக்கமும்

இந்தியாவில் 1950-களின் இறுதி முதல் 1990-கள் வரை பெருமளவில் ஓடிய அம்பாசிடர், பிரிமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய கார்களின் சிறு பழுதுகளை அவற்றின் உரிமையாளர்களும் ஓட்டுநர்களுமே நீக்கிக்கொண்டனர். ஒரு ஸ்பானர் செட், திருப்புளி, குறடு, உப்புத்தாள், கிரீஸ் கன் ஆகியவை இருந்தால் பாதி வேலை வீட்டு வாசலிலேயே முடிந்தது. அந்தப் பழக்கம் உருவான விதம், அதன் தொழில்நுட்பம், அது மறைந்த காரணம் ஆகியவற்றை விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய கார்கள் பழுதாகாதவை என்று இன்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அவை அடிக்கடி பழுதாயின. ஆனால் அவற்றைத் திறக்க முடிந்தது. திறந்தால் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. காரணம் தெரிந்தால் குறைந்த செலவில் சரிசெய்ய முடிந்தது. அவற்றின் நீண்ட ஆயுளுக்கு இரும்பின் கனத்தைவிட இந்த மூன்றுமே அடிப்படை.

பின்னணி

விடுதலைக்குப் பின் இந்திய அரசு வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. உள்நாட்டில் பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி தரலாம் என்று 1953-இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. பெட்டிகளில் வந்த பாகங்களை இங்கே பொருத்தி மட்டும் விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்ற நிறுவனங்கள் அதையொட்டி வெளியேறின. 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, எத்தனை கார் செய்யலாம் என்பதற்கும் உரிமம் தேவைப்பட்டது.

இதன் விளைவாக ஒரு கார் வாங்கப் பணம் கட்டிப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கிய காரை விற்றுவிட்டுப் புதியது வாங்குவது எளிதன்று. எனவே இருக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பது கட்டாயமாயிற்று. சிக்கனத்தால் மட்டுமல்லாமல், மாற்று இல்லாததாலும் பழுதுபார்க்கும் பழக்கம் வேரூன்றியது.

இந்தப் பழக்கத்துக்குத் தமிழகத்தில் முன்வரலாறும் உண்டு. கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து மீண்டும் பூட்டிப் பார்த்தே இயந்திரத்தைக் கற்றார் என்பது அவரது வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் செய்தி. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் பேருந்து ஓட்டத் தொடங்கினார். மதுரையின் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, அடுப்புக்கரியிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு வண்டி ஓட்டும் கருவியை அவரது நிறுவனம் தயாரித்தது.

மூன்று கார்கள்

அம்பாசிடரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் பி.எம். பிர்லாவால் தொடங்கப்பட்டது. குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இருந்த இத்தொழிற்சாலை 1948-இல் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு மாறியது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்ட அம்பாசிடர் 1957-58-இல் வெளிவந்தது. விரைவிலேயே அதில் 1489 சி.சி. கொள்ளளவுள்ள பி-வரிசை எஞ்சின் பொருத்தப்பட்டது. 1980-இல் டீசல் அம்பாசிடர் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் இசுசு எஞ்சின் வரும்வரை பெட்ரோல் வண்டியின் அடிப்படை எஞ்சின் மாறவில்லை. தந்தை கற்ற வேலை மகனுக்கும் உதவியது.

பத்மினியைத் தயாரித்த பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் 1944-இல் வால்சந்த் ஹிராசந்தால் பம்பாயில் தொடங்கப்பட்டது. இத்தாலியின் ஃபியட் 1100 வகையைச் சேர்ந்த 1089 சி.சி. எஞ்சின் கொண்ட இக்கார், 1970-களில் பிரிமியர் பத்மினி என்று பெயர் பெற்றது. பெயர் மாறிய பின்னும் தமிழகத்தில் பலர் அதை ‘ஃபியட்’ என்றே அழைத்தனர்.

மூன்றாவது கார் தமிழகத்திலேயே பிறந்தது. சென்னையை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கொண்டுவந்தது. இதன் முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகளையும் சேர்த்து, ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். திறந்தால் எஞ்சினும் முன் சக்கரங்களின் இணைப்புகளும் எல்லாப் பக்கமும் கைக்கு எட்டும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். இந்நிறுவனம் 1980-களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது.

உதிரிப் பாகங்கள்

எவ்வளவு எளிய இயந்திரமானாலும் பாகம் கிடைக்காவிட்டால் பழுதுநீக்க முடியாது. இங்கு தமிழகத்துக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. 1949-இல் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கப்பட்டது. 1960-களில் டி.வி.எஸ். குழுமத்தின் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. சக்கரம், டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர், பிரேக், போல்ட், நட்டு ஆகியவற்றில் பல தமிழகத்திலேயே தயாராயின.

கடையில் கிடைக்காததற்குச் சென்னைப் புதுப்பேட்டை இருந்தது. ஓய்ந்த வண்டிகளைப் பிரித்து, பயன்படும் பாகங்களைத் தனித்தனியே விற்கும் சந்தை அது. தென் மாவட்டத்து மெக்கானிக்குகள் முதலில் மதுரையில் தேடி, அங்கும் இல்லாவிட்டால் புதுப்பேட்டைக்குச் சொல்லிவிட்டனர்.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும்

இரு ஊர்களும் மதுரையை அடுத்த திருமங்கலத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவு. 1985-இல் விருதுநகர் மாவட்டம் உருவாகும்வரை இவை ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன.

ராஜபாளையம் ஆலை ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் இவ்வூரின் போக்கை மாற்றியது. நூற்பாலை இருக்கும் ஊரில் கடைசல் பட்டறை, வெல்டிங், வார்ப்பு ஆகிய வேலைகள் தெரிந்தவர்களும் இருப்பார்கள். ஆலை இயந்திரத்தின் தேய்ந்த தண்டைக் கடைந்து தரும் லேத் பட்டறையால் கார் டைனமோவின் புஷ்ஷையும் கடைந்து தர முடியும். ஆலைக்குத் தேவைப்பட்ட கைத்திறன் காருக்கும் பயன்பட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் ஊர். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கும் மார்கழி வழிபாட்டுக்கும் வெளியூர் மக்கள் திரளுவர். கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சபரிமலை செல்லும் வண்டிகளும் இச்சாலையில் பெருகும். திருமணம், கோயில், மருத்துவமனை என்று வாடகைக்கு ஓடிய ‘பிளஷர் கார்’ ஓட்டுநர்களுக்கு வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய வருமானம் இல்லை. எனவே ஓட்டத் தெரிந்தவர் அரை மெக்கானிக்காகவும் இருக்க வேண்டியிருந்தது.

இப்பகுதியின் தட்பவெப்பமும் ஓர் ஆசிரியர்தான். சித்திரை, வைகாசி வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகும். செங்கோட்டையைத் தாண்டி மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். இவ்விரண்டையும் கையாளத் தெரியாமல் இச்சாலையில் பழைய கார் ஓட்ட முடியாது.

இயந்திரத்தின் எளிமை

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று மட்டும் போதும்: சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், சரியான நேரத்தில் தீப்பொறி, சிலிண்டருக்குள் போதிய அழுத்தம். பழைய கார்களில் இம்மூன்றையும் தனித்தனியே சோதிக்க முடிந்தது. கணினியோ உணரியோ இடையில் இல்லை. கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் தீப்பொறியைப் பகிர்ந்தது. அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் அந்த வரிசை 1-3-4-2. இந்த நான்கு எண்களை மனப்பாடம் செய்வதே பட்டறைப் பையனின் முதல் பாடம்.

எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடம் இருந்தது. பழைய அம்பாசிடரில் முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றியே எஞ்சினை உயிர்ப்பிக்கலாம். பேட்டரி செத்துப்போனாலும் வண்டி சாகவில்லை.

கருவிகளில் ஒரு சிறு சிக்கல் இருந்தது. ஆங்கிலேய வழிவந்த அம்பாசிடரின் நட்டுகள் அங்குல அளவு. இத்தாலிய வழிவந்த ஃபியட்டின் நட்டுகள் மில்லிமீட்டர் அளவு. ஒன்றின் ஸ்பானரை மற்றதில் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். ஆகவே பட்டறைகளில் இரண்டு செட் ஸ்பானர்களைத் தனித்தனியே வைத்துக்கொண்டனர்.

வீட்டில் செய்த வேலைகள்

தீப்பொறி: வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் பார்ப்பது பிளக். பிளக்கின் நிறமே நோயைச் சொல்லும். வெளிர் பழுப்பு என்றால் நலம். கரிப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசை இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு வழியே ஆயில் ஏறுகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது எஞ்சின் அதிகச் சூடு. பிளக்கைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, அம்பாசிடருக்கு இடைவெளியை 0.025 அங்குலமாக, அதாவது சுமார் 0.64 மி.மீ. ஆக வைத்துப் பூட்டுவர்.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட். ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஒருமுறை திறந்து மூடும் இரு சிறு உலோக முனைகள் அவை. நாளடைவில் கருகிக் குழி விழும். மெல்லிய உப்புத்தாளை இடையில் விட்டு இழுத்து, துணியால் துடைத்து, இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு (சுமார் 0.38 மி.மீ.) சரிசெய்தால் வண்டி புதிதுபோல் பிடிக்கும். இதற்கு ஃபீலர் கேஜ் என்ற தகடு தேவை. அது கையில் இல்லாதபோது தீப்பெட்டியின் அட்டையை அளவாக வைத்து வண்டியை ஊர் சேர்ப்பதுண்டு. சிவகாசி அருகே இருக்கும் வட்டாரத்தில் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. பாயிண்ட் சுத்தமாக இருந்தும் விரைவில் கருகினால் அதன் பக்கத்தில் இருக்கும் கண்டன்சரை மாற்றுவர்.

பெட்ரோல்: கார்புரேட்டரின் கீழ்க்கிண்ணத்தில் தூசியும் தண்ணீரும் தங்கும். கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி, ஜெட் எனப்படும் பித்தளைத் துளையைக் காற்றால் ஊதினால் போதும். துளையில் கம்பி விடக்கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் அன்று முதல் பெட்ரோல் செலவு கூடும். பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் தகடு கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். முழுப் பம்பையும் வாங்க வேண்டியதில்லை.

தண்ணீர்: ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் பார்ப்பது காலைக் கடமை. பழைய ரேடியேட்டர்கள் பித்தளை, செம்பு ஆகியவற்றால் ஆனவை. ஓட்டை விழுந்தால் ஈயப் பற்று வைத்து அடைக்க முடிந்தது. ஃபேன் பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குல அளவுக்குத் தாழ வேண்டும். மிகத் தளர்ந்தால் எஞ்சின் சூடாகும். மிக இறுகினால் டைனமோவின் பேரிங் தேயும்.

பேட்டரி: முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் பொடியைச் சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, வாசலின் அல்லது கிரீஸ் தடவுவர். அறைகளில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுவர். ‘செல்ஃப் அடிக்கவில்லை’ என்று பட்டறைக்கு வந்த வண்டிகளில் பலவற்றின் நோய் இந்த முனைகளிலேயே இருந்தது.

கிரீஸும் பிரேக்கும்: அம்பாசிடரின் முன் சக்கர இணைப்புகளில் கிரீஸ் ஏற்றுவதற்கென்று சிறு முலைகள் உண்டு. அவற்றில் கிரீஸ் கன்னை வைத்து, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை ஏற்ற வேண்டும். இதைத் தவறாமல் செய்த வண்டிகள் பல்லாண்டு ஓடின. செய்யாதவை விரைவில் ஆட்டம் கண்டன. டிரம் பிரேக் தேயத் தேயப் பெடல் கீழே இறங்கும். சக்கரத்தைத் தூக்கி, பின்தட்டில் உள்ள திருகை முறுக்கி, சக்கரம் உரசத் தொடங்கியதும் சற்றுத் தளர்த்தி விடுவர். பிரேக் ஆயிலில் கலந்த காற்றை எடுக்க இருவர் தேவை. ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து மூடுவார். இந்த வேலையில்தான் பல வீடுகளின் பிள்ளைகள் முதன்முதலாகக் காரைத் தெரிந்துகொண்டனர்.

வழியில் செய்த கைமருத்துவம்

வீட்டில் செய்வது பராமரிப்பு. வழியில் செய்வது முதலுதவி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது என்பது அனுபவம் உள்ளவர்களின் எச்சரிக்கை.

வெயிலில் வண்டி திடீரென்று நின்றால், பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிச் சற்று நேரம் காத்திருப்பர். குழாயில் அடைத்த ஆவி குளிர்ந்து மீண்டும் பெட்ரோலாகும். ரேடியேட்டரில் மயிரிழை ஓட்டை விழுந்தால் ஒரு பிடி மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவர். தூள் ஊறி ஓட்டையை அடைக்கும். பெட்ரோல் டேங்கில் கசிவு என்றால் சலவைச் சோப்பைப் பிசைந்து அப்புவர். சோப்பு பெட்ரோலில் கரையாது. ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் கியர் கம்பி இரண்டு கியர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டால், பானட்டைத் திறந்து இணைப்புக் கம்பிகளைக் கையால் நெம்பி விடுவர்.

ஊருக்கு வந்ததும் இவற்றை முறையாகச் சரிசெய்தாக வேண்டும். மஞ்சள் தூள் ஓட்டையை மட்டும் அடைக்காது. கழுவாமல் விட்டால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றும் வழக்கம் இவற்றில் மிக ஆபத்தானது. பியூஸ் உருக வேண்டிய இடத்தில் ஒயர் உருகும், வண்டியே எரியக்கூடும்.

வேறு சில ஆபத்துகளும் அன்று அலட்சியமாகக் கொள்ளப்பட்டன. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே படுப்பது உயிருக்கே கேடு. மரக்கட்டை அல்லது தாங்கி வைத்த பின்பே படுக்க வேண்டும். டியூப் வைத்து வாயால் பெட்ரோல் உறிஞ்சுவது நுரையீரலைப் பாதிக்கும். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருந்தது; அந்தத் தூசியை ஊதுவதும் தட்டுவதும் நஞ்சைச் சுவாசிப்பதாகும்.

செலவின் மறுபக்கம்

பழுதுநீக்கம் மலிவாக இருந்ததற்குப் பாகங்களின் விலை மட்டும் காரணமில்லை. உழைப்பும் மலிவாக இருந்தது. பல பட்டறைகளில் எடுபிடிப் பையன்கள் சாப்பாட்டுக்கும் சிறு காசுக்கும் வேலை செய்து தொழில் கற்றனர். பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களில் சிலர் பின்னாளில் சொந்தப் பட்டறை வைத்தனர். பலர் கடைசிவரை கூலியாகவே இருந்தனர். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 14 வயதுக்குட்பட்டோரைத் தொழில்களில் வேலைக்கு அமர்த்துவது குற்றம். பழைய பட்டறையின் கைத்திறனைப் போற்றும்போது இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கற்பித்தலுக்கு முறையான வழி பாலிடெக்னிக்குகளும் தொழிற்பயிற்சி நிலையங்களுமே. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பெயரிலேயே ஒரு பாலிடெக்னிக் உள்ளது.

அந்தக் கார்களிடமும் குறைகள் இருந்தன. பெட்ரோல் அதிகம் குடித்தன, புகை கக்கின, விபத்தில் பயணிகளைக் காக்கும் ஏற்பாடுகள் இன்றைய கார்களுடன் ஒப்பிட மிகக் குறைவு.

யாழ்ப்பாணமும் கியூபாவும்

தட்டுப்பாடு கைத்திறனை வளர்க்கும் என்பதற்கு மிகக் கடுமையான எடுத்துக்காட்டு யாழ்ப்பாணம். 1990-இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெட்ரோல் செல்வது தடைபட்டது. அங்கிருந்த மோரிஸ், ஆஸ்டின் கார்களை மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் பற்றாது. எனவே சிறிதளவு பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் காரில் இருந்ததும் அம்பாசிடரின் அதே பி-வரிசை எஞ்சின்தான். அழுத்த விகிதம் குறைந்த எஞ்சின், கார்புரேட்டர், கையால் திருப்பிச் சரிசெய்யக்கூடிய டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவை இருந்ததால் இது முடிந்தது. நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற வண்டிகளும் இப்படி ஓடியவையே.

கியூபாவில் 1959 புரட்சிக்குப் பின் அமெரிக்கா விதித்த வணிகத் தடையால் புதிய அமெரிக்கக் கார்களும் பாகங்களும் வருவது நின்றது. ஏற்கெனவே இருந்த 1950-களின் கார்களைத் தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்த்து அம்மக்கள் இன்றும் ஓட்டுகின்றனர்.

மாற்றம்

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 சாலைக்கு வந்தது. சிறிய, சிக்கனமான, அடிக்கடி நிற்காத கார் அது. வாங்கியவர்களுக்கு வாராவாரம் பானட்டைத் திறக்கும் தேவை குறைந்தது. தேவை குறைந்தபோது பழக்கமும் குறைந்தது.

அடுத்த மாற்றம் சட்டத்தால் வந்தது. 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் புகை அளவுக்கு நாடு தழுவிய புதிய விதிமுறை நடைமுறைக்கு வந்தது. கார்புரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் தெளிப்பு முறை வந்தது. நகரக் காற்றுக்கு இது தேவையான மாற்றம். ஆனால் அதன் பின் பழுதின் காரணம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. டாஷ்போர்டில் எரியும் ஒரு விளக்கும், அதைப் படிக்கும் ஸ்கேனரும் நடுவில் வந்தன. அம்பாசிடரின் உற்பத்தி 2014 மே மாதம் உத்தர்பாராவில் நின்றது. அந்தப் பெயரை 2017-இல் பிரான்சின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

இன்றைய நிலை

பழைய காரை வைத்திருப்பவர்களுக்கு இன்று மூன்று தடைகள் உள்ளன. முதலாவது பதிவு. 15 ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 முதல் தனிப் பதிவு முறை உண்டு. இரண்டாவது எரிபொருள். பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. பழைய ரப்பர் குழாய்களும் பம்பின் ரப்பர் தகடும் எத்தனாலில் விரைவில் ஊறிக் கெடும். எத்தனாலைத் தாங்கும் வகைக் குழாய்களை மாற்றுவதே பழைய கார் வைத்திருப்போர் இன்று முதலில் செய்ய வேண்டிய சிறு வேலை. மூன்றாவது ஆள். பாயிண்ட் இடைவெளியைக் காதால் கேட்டே சொல்லக்கூடிய மெக்கானிக்குகள் முதுமை அடைந்துவிட்டனர்.

இம்மூன்றில் முதல் இரண்டுக்கும் பணத்தால் வழி காணலாம். மூன்றாவதற்கு அப்படி வழியில்லை. அவர்களது அறிவு பெரும்பாலும் எழுதப்படாதது. எந்த ஒலிக்கு எந்த நோய், எந்த நட்டை எவ்வளவு முறுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பவை கையிலிருந்து கைக்குச் சென்றவை. பெற்றுக்கொள்ளும் கை இல்லாதபோது அவை அவர்களோடு முடிந்துவிடும். கோயம்புத்தூரில் 2015-இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகம் போன்றவை வண்டிகளைக் காக்கின்றன. வேலையைக் காக்க, அதைப் பதிவுசெய்ய வேண்டும். பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலைய மாணவர்கள் தங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் கேட்டு எழுதினாலே பயனுள்ள ஆவணம் உருவாகும்.

இது பழைய கார்களோடு முடியும் செய்தி அன்று. தம் பொருளைத் தாமே, அல்லது தாம் விரும்பும் பட்டறையில், பழுதுபார்க்கும் உரிமை வேண்டும் என்ற குரல் உலகெங்கும் எழுந்துள்ளது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இல் கார்களுக்கான இவ்வுரிமையை வாக்கெடுப்பின் மூலம் ஏற்றனர். இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் கார்களையும் உள்ளடக்கிய இணையவாசலைத் தொடங்கியது. பாகம் எங்கே கிடைக்கும், எப்படிக் கழற்றுவது என்ற தகவலை நிறுவனங்கள் வெளிப்படையாகத் தர வேண்டும் என்பதே இதன் மையம்.

அம்பாசிடர் காலத்தில் அந்த உரிமையை யாரும் கேட்டுப் பெறவில்லை. இயந்திரத்தின் எளிமையும் காலத்தின் தட்டுப்பாடும் அதைத் தாமாகவே தந்தன. இனி அது சட்டத்தாலும் வடிவமைப்பாலும் வர வேண்டும். தூய்மையான, பாதுகாப்பான காரே திறந்து பார்க்கக்கூடிய காராகவும் இருக்க முடியுமா என்பது இன்றைய பொறியியல் மாணவர்கள் முன் உள்ள கேள்வி.